சூதாட்டமும் கணக்கும்

பேரையூரிலிருந்து ஒரு தோழர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவர் பெயரையும் குடும்பத்தையும் இங்கு வெளியிட வேண்டிய அவசியமில்லை. விஷயம் என்னவென்றால், அவருக்கு ஒரு தம்பி இருக்கின்றார். மதுரையில் கல்லூரிப் படிப்பு படித்தவர். ஜாதகம் பார்க்கமாட்டார், கையில் கயிறு கட்டமாட்டார், நல்ல நேரம், கெட்ட நேரம் என்பதையெல்லாம் கேலி செய்கிறவர். இப்படிப்பட்டவர், பிளாக்ஜாக் என்று சொல்லப்படும் இருபத்தொன்று சீட்டாட்டத்தைத் தமது கம்ப்யூட்டரில் ஒரு லட்சம் ஆட்டம் ஆடவிட்டுக் கணக்கெடுத்தாராம். ஒழுங்காக ஆடுகிறவனுக்கு நூறு ரூபாய்க்கு அரை ரூபாய்தான் நஷ்டம் என்று விடை வந்ததாம். அந்த அரை ரூபாயையும் மூளையைக் கொண்டு லாபமாகத் திருப்பிவிடலாம் என்று சொல்லி, குடும்பத்துக்குப் பொதுவில் இருக்கின்ற இரண்டு ஏக்கர் கரிசல் காட்டை ஈடு வைத்து, இரண்டு லட்ச ரூபாயோடு கோவாவுக்குப் புறப்பட நிற்கின்றாராம்.

“அண்ணனாகிய நான் தடுத்தால், ‘நீ பயந்தாங்கொள்ளி, சூது பாவம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பேசுகிறாய், நான் கணக்கை வைத்துப் பேசுகிறேன்’ என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பகுத்தறிவுப் பத்திரிகையாகிய நீங்கள் யார் பக்கம்?” என்று தோழர் கேட்கின்றார்.

நாம் கணக்கின் பக்கம்தான். ஆனால் முழுக் கணக்கின் பக்கமேயொழிய, பாதிக் கணக்கின் பக்கம் அல்ல. இதை விளக்கவே இவ்வாரத் தலையங்கத்தை உபயோகித்துக்கொள்ளுகின்றோம்.

நமது நாட்டில் சூதாட்டத்தைப் பற்றிப் பேசுகின்றவர்கள் பெரும்பாலும் இரண்டே விதமாகத்தான் பேசுவார்கள். ஆடுகிறவன் அதிர்ஷ்டம் என்பான். தோற்றவன் தலையெழுத்து என்பான். நாட்டை வைத்து, தம்பிமார்களை வைத்து, கடைசியில் பெண்டாட்டியையும் பந்தயமாக வைத்து ஆடினவனுக்குத் தருமன் என்று பெயர் கொடுத்து, அவன் தோற்றதற்கு விதியின்மேல் பழிபோட்ட கதையைத்தானே நமது ஜனங்கள் கோடைக்காலமெல்லாம் விடிய விடியக் கூத்தாகப் பார்த்துக் கண்ணீர் விடுகின்றார்கள்? எதிரே உட்கார்ந்தவன் எப்படி ஜெயித்தான், ஆட்டத்தின் ஏற்பாடு யாருக்குச் சாதகமாக இருந்தது என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. வள்ளுவர் ஒரு முழு அதிகாரத்தை, அதாவது 94-வது அதிகாரத்தை, சூதுக்கென்றே ஒதுக்கியிருந்தும், அதைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டதோடு சரி.

நமது பேரையூர்த் தம்பி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவர் எண்ணிப் பார்த்திருக்கின்றார். ஆதலால் அவருக்கு உபதேசம் செய்வதில் பிரயோஜனமில்லை. எண்ணிக்கையைக் கொண்டேதான் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவதாக, கடைப் பங்கு என்றால் என்ன என்று பார்ப்போம். ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு, ஆட்டத்தின் சட்டத்துக்குள்ளேயே, ஒருவர் கண்ணிலும் படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் பங்குக்குத்தான் நாம் இங்கு கடைப் பங்கு என்று பெயர் வைத்துக்கொள்ளுகின்றோம். இதற்குக் கோவா வரையில் போகவேண்டியதில்லை. புளியமரத்தடியிலும் தோப்பிலும் திருவிழாக் காலத்தில் நடக்கின்ற உள்ளே-வெளியே ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். மங்காத்தா என்பதும் அதுவே.

இதில் ஒரு சீட்டை முதலில் எடுத்துக் காட்டிவிடுகிறார்கள். மீதி 51 சீட்டுகளையும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். காட்டிய சீட்டுக்குச் ஜோடி எந்தப் பக்கம் முதலில் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயம். பார்ப்பவர்களுக்கு இது சரிக்குச் சரியான ஆட்டமாகவே தோன்றும். இரண்டே பக்கம், ஒன்றுக்கு ஒன்று பணம், இதில் என்ன புரட்டு இருக்க முடியும் என்றுதான் எண்ணுவார்கள்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். மீதியுள்ள 51 இடங்களில் ஜோடிச் சீட்டுகள் மூன்றும் உட்காரக்கூடிய விதங்கள் மொத்தம் 20,825. இவற்றில் முதல் ஜோடி ஒற்றைப்படை இடத்தில் விழுகிற விதங்கள் 10,725. இரட்டைப்படை இடத்தில் விழுகிற விதங்கள் 10,100. அதாவது முதல் சீட்டு எந்தப் பக்கம் போடப்படுகிறதோ, அந்தப் பக்கம் நூற்றுக்கு 51.5 தடவையும், மற்றப் பக்கம் 48.5 தடவையும் ஜெயிக்கும். காரணம் வேறொன்றுமில்லை. முதல் பக்கத்துக்கு எப்பொழுதும் ஒரு சீட்டு முந்தி விழுகிறது, அவ்வளவுதான். ஆட்டத்தை நடத்துகிறவன் முதல் பக்கத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டு ஒன்றுக்கு ஒன்று பணம் கொடுப்பானேயானால், நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய் அவன் மடியில் விழுந்துகொண்டே இருக்கும். சீட்டில் குறி வைக்க வேண்டாம்; கைமாற்ற வேண்டாம்; ஒரு மோசடியும் வேண்டாம். பெரிய சூதாட்ட விடுதிகளில் முதல் பக்கத்தையும் ஆடுகிறவனுக்கு விட்டுக்கொடுத்து, அங்கே ஜெயித்தால் நூறுக்குத் தொண்ணூறுதான் கொடுப்போம் என்று சட்டம் வைத்திருப்பதும் உண்டு. அப்பொழுதும் கணக்குப் போட்டால், அந்தப் பக்கம் ஆடுகிறவனுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்குமேல் நஷ்டமே. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஓட்டை ஒன்றுதான்.

இந்த மூன்று ரூபாய் ஏன் ஊரார் கண்ணில் படுவதில்லை என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு மனிதன் ஓர் இரவில் பத்து ரூபாய் வீதம் 100 ஆட்டம் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி அவனுக்கு நஷ்டம் 30 ரூபாய். ஆனால் சீட்டு விழுகிற தற்செயலினால் மட்டும் அந்த இரவில் 100 ரூபாய் இப்படியும் அப்படியும் ஆடும். ஆகையால் பத்து இரவில் மூன்று நான்கு இரவு அவன் லாபத்தோடுதான் வீட்டுக்கு வருவான். அந்த மூன்று நான்கு இரவும் அவனுக்கு மறக்காது. பெண்டாட்டிக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்த இரவு அது. சிநேகிதர்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்த இரவு அது. தோற்ற இரவுகளையோ அவன் ஒருவரிடமும் சொல்லமாட்டான்.

அதே மனிதன் வருஷத்தில் 300 இரவு ஆடினால் என்னவாகும்? புரண்ட பணம் மூன்று லட்சம். கணக்குப்படி நஷ்டம் 9,000 ரூபாய். தற்செயலின் ஆட்டமோ 1,700 ரூபாய் சுற்றுக்குள் அடங்கிவிடும். அதாவது வருஷக் கடைசியில் அவன் லாபத்தோடு நிற்பது என்பது கிட்டத்தட்ட நடவாத காரியம். ஓர் இரவு என்பது தற்செயலின் கையில் இருக்கிறது. ஒரு வருஷம் என்பது கணக்கின் கையில் இருக்கிறது. ஆடுகிறவன் இரவை எண்ணுகிறான். நடத்துகிறவன் வருஷத்தை எண்ணுகிறான். இவ்வளவுதான் சூதாட்டத் தொழிலின் முழு ரகசியமும்.

நிற்க, கம்ப்யூட்டர் இதில் எங்கே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். 1946-ல் அமெரிக்காவில் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்கின்ற கணித நிபுணர் மூளை நோய்ப்பட்டுத் தேறிவருகையில், பொழுதுபோகாமல் தனியாளாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டம் வெற்றியில் முடிவதற்கு எத்தனையில் ஒரு பங்கு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு மலைபோல் வளர்ந்தது. உடனே அவருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. கணக்குப் போடுவானேன்? நூறு தடவை ஆடிப் பார்த்து எத்தனை தடவை ஜெயிக்கிறது என்று எண்ணிவிட்டால் போதாதா? அப்பொழுதுதான் வந்திருந்த கம்ப்யூட்டரைக் கொண்டு அந்த நூறை ஆயிரமாகவும் லட்சமாகவும் ஆக்கலாமே என்பதுதான் அந்த யோசனை. ஜான் வான் நாய்மன் என்பவரும் இதில் சேர்ந்துகொண்டார். அணுகுண்டு சம்பந்தமான கணக்குகளுக்குக்கூட இம்முறை உபயோகப்பட்டது. சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோ என்ற ஊரின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. 1949-ல் உலாமும் மெட்ரோபோலிஸும் சேர்ந்து அந்தப் பெயரிலேயே ஒரு வியாசம் வெளியிட்டார்கள்.

பிளாக்ஜாக் ஆட்டத்தை முதன்முதலில் இப்படி ஒழுங்காக ஆராய்ந்தவர்கள் அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்த நால்வர். பால்ட்வின், கான்டி, மைசெல், மக்டெர்மாட் என்ற அந்நால்வரும் மேஜைமேல் வைக்கும் கணக்கு யந்திரங்களைக் கொண்டே உழைத்து, எந்தச் சீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்கின்ற வியாசத்தை 1956-ல் வெளியிட்டார்கள். பிறகு எட்வர்ட் தார்ப் என்ற கணித ஆசிரியர் பெரிய கம்ப்யூட்டரைக் கொண்டு கணக்கிட்டு 1962-ல் புத்தகம் எழுதினார். கட்டில் எந்தச் சீட்டுகள் போய்விட்டன என்று எண்ணிக்கொண்டே வந்தால், சில சமயங்களில் ஆடுகிறவன் பக்கமே சாதகம் திரும்புகிறது என்று காட்டினார். இவை யாவும் மெய்யே. பேரையூர்த் தம்பி இவற்றையெல்லாம் படித்துத்தான் துணிந்திருக்கின்றார் என்று நினைக்கின்றோம்.

இப்பொழுது அந்த ஆட்டத்துக்குள் நுழைவோம். 21-க்கு மேற்போகாமல் 21-க்குக் கிட்ட வந்தவனுக்கு ஜெயம். கடைக்காரன் 17 வருகிறவரையில் சீட்டு எடுத்தே தீரவேண்டும். 21-ஐத் தாண்டினவன் தோற்றவன். இதில் கடைப் பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது தெரியுமா? ஆடுகிறவன் முந்தி சீட்டு எடுக்கவேண்டும் என்ற ஒரே ஒரு சட்டத்தில்தான். அவன் 21-ஐத் தாண்டினால் அந்த நிமிஷமே அவன் பணம் போய்விட்டது. பின்னால் கடைக்காரனும் தாண்டினால் பணம் திரும்பி வருகிறதா? வருவதில்லை. கடைக்காரன் ஏறக்குறைய நூற்றுக்கு 28 தடவை தாண்டுகிறான். ஆடுகிறவனும் அவனைப் பார்த்து அவனைப் போலவே ஆடினால், இவனும் 28 தடவை தாண்டுவான். இருவரும் ஒருங்கே தாண்டுவது நூற்றுக்குச் சுமார் எட்டுத் தடவை. இருவரும் தோற்ற அந்த எட்டுத் தடவையிலும் பணம் கடைக்குத்தான். இதற்குப் பதிலாக, முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் நூறுக்கு நூற்றைம்பது கொடுக்கிறார்கள். அது நூற்றுக்கு நாலரைத் தடவைதான் வரும். அதனால் கிடைப்பது இரண்டேகால் ரூபாய். எட்டில் இரண்டேகால் போக, சுமார் ஐந்தே முக்கால் ரூபாய் கடைக்காரனுக்கு நிற்கிறது.

எப்பொழுது நிறுத்துவது, எப்பொழுது பணத்தை இரட்டிப்பது, எப்பொழுது ஜோடியைப் பிரிப்பது என்ற அட்டவணை முழுவதையும் ஒரு பிசகும் இல்லாமல் பின்பற்றினால், இந்த ஐந்தே முக்கால் சுமார் அரை ரூபாய்க்கு இறங்கிவிடும் என்பது உண்மையே. ஆகவே தம்பியின் விடை தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த விடையிலிருந்து அவர் செய்துகொண்ட தீர்மானம்தான் தப்பு என்கின்றோம். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகின்றோம்.

முதல் காரணம், அவர் ஆடவிட்டது லட்சம் ஆட்டம் என்பது. கேட்பதற்கு லட்சம் என்பது பெரிய தொகைதான். ஆனால் இவ்வாட்டத்தில் ஒவ்வொரு கைக்கும் வருகின்ற ஏற்றத்தாழ்வு பந்தயத்துக்கும் சற்று அதிகமானது. ஆதலால் லட்சம் ஆட்டத்தில் கிடைக்கிற விடைக்கு முக்கால் ரூபாய் இப்படியும் அப்படியும் பிசகு இருக்க இடமுண்டு. அரை ரூபாய் நஷ்டம் என்று வந்த விடை, கால் ரூபாய் லாபமாகவும் இருக்கலாம். ஒன்றேகால் ரூபாய் நஷ்டமாகவும் இருக்கலாம். ஆட்டத்தை நான்கு மடங்கு ஆக்கினால்தான் பிசகு பாதியாகும். ஒரு கோடி ஆட்டம் ஆடவிட்டால்தான் ஏழு காசுச் சுற்றுக்குள் விடை நிற்கும். கம்ப்யூட்டருக்கு இது சில நிமிஷ வேலை. இரண்டு ஏக்கரை ஈடு வைக்கத் துணிந்தவர் இந்தச் சில நிமிஷம் பொறுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? தமக்குப் பிடித்த விடை வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டார் என்பதுதானே? ஜோசியனிடம் போகிறவனும் இதையேதான் செய்கிறான்.

இரண்டாவது காரணம், கம்ப்யூட்டருக்குக் கொடுத்த சட்டம் வேறு, மேஜையில் எழுதியிருக்கின்ற சட்டம் வேறாக இருக்கலாம் என்பது. முதல் இரண்டு சீட்டில் 21 வந்தால் நூறுக்கு நூற்றைம்பது என்று அவர் வைத்திருப்பார். இன்று பல ஊர் விடுதிகளில் சில மேஜைகளில் நூற்றிருபதுதான் கொடுக்கிறார்கள். இந்த ஒரு வரி மாறினால் மட்டும் கடைப் பங்கு அரை ரூபாயிலிருந்து ஒரு ரூபாய் எண்பத்தைந்து காசு ஆகிவிடுகிறது. சட்டத்தை எழுதுகிறவன் கடைக்காரன். தம்பி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தப் பலகையில் எழுதியிருப்பதை மாற்ற முடியுமா?

மூன்றாவது காரணம்தான் மிகவும் முக்கியமானது. கடைப் பங்கு என்பது கொண்டுபோன முதலின்மேல் அல்ல, புரண்ட தொகையின்மேல். 500 ரூபாய் வீதம் மணிக்கு 60 கை, இரவுக்கு எட்டு மணி நேரம் ஆடினால் புரளுவது 2,40,000 ரூபாய். அரை ரூபாய் வீதம் நஷ்டம் 1,200. தற்செயலின் ஆட்டமோ 12,600. அதாவது அந்த இரவில் அவருடைய கெட்டிக்காரத்தனத்தைவிடப் பத்துப் பங்கு பெரியதாகத் தற்செயல் உட்கார்ந்திருக்கிறது. இருபதாயிரம் ஜெயித்தாலும் அது அவர் மூளை சம்பாதித்தது அல்ல. இருபதாயிரம் தோற்றாலும் அது அவர் மூளையின் குற்றம் அல்ல. இருபது இரவு ஆடினால் புரளுவது 48 லட்சம். அரை ரூபாய் மேஜையில் நஷ்டம் 24,000. நூற்றிருபது மேஜையில் நஷ்டம் 88,800. தற்செயல் அதன்மேல் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரை மேலும் கீழும் இழுக்கும். ஆகவே வாங்கின இரண்டு லட்சம் முழுவதும் போவதும் அந்த வீச்சுக்குள் அடங்கிய காரியமே.

நான்காவது, சீட்டை எண்ணித் திருப்பிவிடுவேன் என்பது. தார்ப் புத்தகம் எழுதினார். சூதாட்ட விடுதிக்காரர்கள் சும்மா இருந்துவிட்டார்களா? ஒரு கட்டுச் சீட்டுக்குப் பதில் ஆறு கட்டு, எட்டுக் கட்டு என்று சேர்த்தார்கள். ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கிற யந்திரம் வைத்தார்கள். எண்ணுகிறவன் என்று சந்தேகப்பட்டால் எழுந்து போ என்றார்கள். தோற்கிறவனை எந்தக் கடைக்காரனாவது எழுந்து போ என்று சொன்னதுண்டா? ஜெயிக்கத் தெரிந்தவனுக்கு இடமில்லை என்பதுதான் அந்த விடுதியின் முதல் சட்டம். யந்திரமே சீட்டுப் போடுகின்ற செல்போன் ஆட்டங்களிலோ ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைத்துவிடுவதால் எண்ணுவதற்கே ஒன்றும் இல்லை.

ஐந்தாவது காரணத்தைத் தம்பியின் கம்ப்யூட்டர் கேட்கவே இல்லை. இரண்டு லட்சம் கடன். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 4,000 ரூபாய். சீட்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் இந்த 4,000 விழுந்துகொண்டே இருக்கும். கடன் வாங்கிச் சூதாடுகிறவன் ஒரே சமயத்தில் இரண்டு கடைக்காரர்களுடன் ஆடுகிறான். ஒருவன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். மற்றவன் ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். திண்ணையில் இருப்பவனுடைய பங்கு வருஷத்துக்கு நூற்றுக்கு 24. இதைச் சேர்க்காத கணக்கு கணக்கா என்று கேட்கின்றோம்.

தோற்றால் இரட்டிப்பேன், மறுபடியும் தோற்றால் மறுபடியும் இரட்டிப்பேன், எப்படியும் ஒரு தடவை ஜெயிக்காமலா போகும் என்கின்ற தந்திரத்தையும் பலர் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உள்ளே-வெளியே ஆட்டத்தில் பத்து ரூபாயில் ஆரம்பித்து எட்டுத் தடவை தொடர்ந்து தோற்றால் போவது 2,550 ரூபாய். இரண்டாம் பக்கம் ஆடுகிறவனுக்கு இது சுமார் 202 தடவைக்கு ஒரு தடவை வரும். மற்ற 201 தடவையிலும் பத்துப் பத்தாகக் கிடைப்பது 2,010 ரூபாய். எறும்பு போலச் சேர்த்ததை யானை வந்து மிதித்துவிட்டுப் போகிறது. இரட்டிப்பதனால் பங்கு மாறவில்லை. நஷ்டம் வருகின்ற நாள்தான் தள்ளிப் போகிறது.

இனி, திறமை என்கின்ற வார்த்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ரம்மி திறமைக்குரிய ஆட்டம் என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். செல்போன் கம்பெனிக்காரர்கள் இதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அதே தீர்ப்பில், பணம் வைத்து ஆடுகின்ற ஆட்டத்திலிருந்து இடத்துக்காரன் லாபம் எடுத்தால் அது குற்றமாகக்கூடும் என்றும் சொல்லியிருப்பதை அவர்கள் விளம்பரத்தில் போடுவதில்லை. இருவர் ஆளுக்கு நூறு ரூபாய் வைக்கிறார்கள். நூற்றுக்குப் பத்து கழிவு என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தவனுக்கு 180; கம்பெனிக்கு 20. சமமான திறமையுள்ள இருவர் அதே பணத்தை ஏழு தடவை சுற்றவிட்டால் பாதிக்குமேல் கம்பெனியிடம் போய்விடும். நஷ்டமில்லாமல் தப்பவேண்டுமானால்கூட ஒருவன் நூற்றுக்கு ஐம்பத்தைந்து தடவைக்குமேல் ஜெயித்தாகவேண்டும். எல்லாருமே நூற்றுக்கு ஐம்பத்தைந்து ஜெயிக்க முடியுமா? திறமை ஆடுகிறவர்களுக்குள் யாரிடமிருந்து யாருக்குப் பணம் போகிறது என்பதைத் தீர்மானிக்கும். இருவரிடமிருந்தும் கம்பெனிக்குப் போவதைத் திறமை தடுக்காது.

நமது மாகாணத்தில் 1930-ம் வருஷத்திலேயே சூதாட்டச் சட்டம் வந்துவிட்டது. செல்போன் சூதுக்காக 2021-ல் செய்த திருத்தத்தை அதே வருஷம் ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட்டார் செல்லாது என்றார்கள். பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் கமிட்டி வைத்து, 2022-ல் சட்டசபையில் மசோதா நிறைவேற்றப்பட்டது. கவர்னர் அதைத் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றி, ஏப்ரலில் சட்டமாயிற்று. அவ்வருஷம் நவம்பரில், தற்செயல் ஆட்டங்களுக்கு மட்டும் சட்டம் செல்லும், ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது என்று ஹைகோர்ட்டார் சொன்னார்கள். கடைசியாக 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார், திறமையோ தற்செயலோ எதுவாயினும் பணம் வைத்து ஆன்லைனில் நடத்தும் ஆட்டம் கூடாது என்று சட்டம் செய்தார்கள். இத்தனை வருஷமாகக் கோர்ட்டிலும் சட்டசபையிலும் திறமையா, தற்செயலா என்றே வாதம் நடந்தது. கடைப் பங்கு எவ்வளவு என்று கேட்டிருந்தால் ஒரே நாளில் விஷயம் விளங்கியிருக்கும்.

சர்க்காரையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. சூதாட்டத்தை மேற்பார்க்கும் அதிகாரி ஜெயித்த பணத்தில் நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்த சாஸ்திரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நமது ராஜ்ய சர்க்காரே 1968-ல் லாட்டரி ஆரம்பித்தது. கூலிக்காரன் காசு எத்தனையோ கரைந்த பிறகு 2003-ல்தான் லாட்டரி விற்பனை தடுக்கப்பட்டது. கோவா சர்க்கார் கப்பலிலும் நட்சத்திர ஹோட்டலிலும் சூதுக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டு, தங்கள் ஊர் ஜனங்கள் மட்டும் அதற்குள் நுழையக்கூடாதென்று 2020-ல் தடுத்தது. சிங்கப்பூரில் 2010-ல் சூதாட்ட விடுதி திறந்தபொழுதே உள்நாட்டுப் பிரஜைக்கு நுழைவு வரி 100 டாலர் என்று வைத்து, 2019-ல் அதை 150 ஆக்கினார்கள். விடுதிக்கு அனுமதி கொடுக்கிறவன் தன் பிள்ளையை அங்கே போகவிடமாட்டேன் என்கிறான். பேரையூர்க்காரன் பிள்ளை மட்டும் காட்டை ஈடு வைத்துக்கொண்டு அங்கே போகவேண்டுமா?

ஆகவே பேரையூர்த் தோழருக்கு நாம் சொல்லுவது என்னவெனில், தம்பியுடன் சண்டை போடாதீர்கள். சூது பாவம் என்று சொல்லாதீர்கள். நரகம் என்று பயமுறுத்தாதீர்கள். இந்தத் தலையங்கத்தை அவர் கையில் கொடுத்து, கோடி ஆட்டம் ஆடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் நூற்றிருபது சட்டத்தையும், இரவு எட்டு மணி நேரம் விழித்த மனிதன் அட்டவணையில் செய்யும் பிசகையும், ரயில் சத்தத்தையும், அறை வாடகையையும், மாதம் 4,000 வட்டியையும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு லட்சமும் தீர்ந்தவுடன் ஆட்டம் நின்றுபோக வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். ஏனெனில் கடைக்காரன் முதலுக்கு முடிவில்லை, அவர் முதலுக்கு முடிவு உண்டு. பிறகு ஆயிரம் தம்பிமார் இப்படிப் புறப்பட்டால் எத்தனைபேர் பத்திரத்தை மீட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். அந்த விடையை வைத்துக்கொண்டு அவரே தீர்மானிக்கட்டும். முழுக் கணக்கைப் போட்ட பிறகும் அவர் புறப்படுவாரேயானால், அவரை இழுத்துக்கொண்டு போகிறது கணக்கு அல்ல, வேறு ஆசை என்பதை அவரே அறிந்துகொள்வார்.

அன்றியும், இப்பேர்ப்பட்ட அறிவுக்குச் சொந்த ஊரில் வேலை இல்லாமலா போயிற்று? மானாவாரிக் காட்டில் எந்த வாரம் மழை தவறினால் பருத்தி என்னவாகும், குதிரைவாலி என்னவாகும், கடனுக்கு விதை வாங்கினவன் எத்தனை வருஷத்தில் எத்தனை வருஷம் தப்புகிறான் என்பதையெல்லாம் இதே முறையில் கம்ப்யூட்டரைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாமே. விவசாயியும் தற்செயலோடுதான் ஆடுகிறான். ஆனால் அவன் ஆட்டத்தில் முடிவில் நெல்லோ பருத்தியோ உண்டாகிறது. சூதாட்டத்தில் ஒரு மணி தானியமாவது உண்டாகிறதா?

மற்ற ஊர்த் தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்லுகின்றோம். உங்கள் படிப்பகத்தில் ஒரு கட்டுச் சீட்டும் ஒரு படி புளியங்கொட்டையும் வாங்கி வையுங்கள். காசு ஒன்றும் வைக்காமல், ஆளுக்கு நூறு கொட்டை கொடுத்து உள்ளே-வெளியே ஆடிப் பாருங்கள். ஒருவன் மட்டும் எப்பொழுதும் முதல் பக்கம் உட்காரட்டும். முதல் நாள் ஒன்றும் தெரியாது; இரண்டாயிரத்து ஐந்நூறு ஆட்டம் ஆடினால்கூட நிச்சயமாகச் சொல்ல முடியாது. அது தெரியாமல் இருப்பதுதான் முதல் பாடம். பிறகு படித்த பிள்ளை ஒருவனைக் கொண்டு கம்ப்யூட்டரில் பத்து லட்சம் ஆட்டம் ஓடவிட்டு, 51.4-க்கும் 51.6-க்கும் நடுவில் வந்து நிற்பதை எல்லாரும் பார்க்கும்படி சுவரில் எழுதுங்கள். அது இரண்டாவது பாடம். அதிர்ஷ்டம் என்று ஊரார் சொல்லுகின்றதற்குள்ளே யாரோ ஒருவனுடைய பங்கு இருக்கிறது என்று ஒரு தடவை கண்ணால் கண்டவன், பிறகு சூதாட்டத்தில் மட்டுமல்ல, வேறு எந்த இடத்திலும் இதில் கடைக்காரன் யார், அவன் பங்கு எவ்வளவு என்று கேட்காமல் மடியை அவிழ்க்கமாட்டான்.

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகினவனுடைய இரண்டு ஏக்கருக்கு ஒருக்காலும் மோசம் வராது என்பதே நமது அபிப்பிராயமாகும்.